பூஜ்யத்தின் நடுக்கம்

வால்டிவியாவில் ஜூலை முழுக்க மழை.
பட்டறை அடுப்பில் ஈர விறகு புகைகிறது.
ஆற்றங்கரை மீன்சந்தையில் கடற்சிங்கங்கள்
எவனோ கடனைத் திருப்பித் தராதது போல் கத்துகின்றன.
மேசைமேல் நான் வரைந்த பலகை,
உள்ளங்கை அகலம், பச்சை.
பூமி நடுங்குவதை அளக்கப் பிறந்தது.
அதன் பூமியே நடுங்குகிறது.

நொடிக்கொரு முறை
இருபத்தேழு படி ஏறி, இறங்கி,
மறுபடி இருபத்தேழு.
ஒரு படி என்றால்
ஐந்து வோல்ட்டை ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சமாக
நறுக்கியதில் ஒரு துணுக்கு.
குண்டூசி விழுந்தால் கேட்கிற வீட்டில்
யாரோ உட்கார்ந்து அம்மி கொத்துகிறார்கள்.

மூன்று நாள் தேடினேன்.
கேபிளைக் குற்றம் சொன்னேன். மழையை.
எதிர்க்கரை மர அறுவை ஆலையை.
உணரியைக் கம்பளிக் குல்லாயால் மூடிக்கூடப் பார்த்தேன்.
அனலாக் கிரவுண்டை மட்டும் சந்தேகிக்கவில்லை.
அது பூஜ்யம்.
அதன் தோளில் நின்றுதானே
மற்ற எல்லாவற்றின் உயரத்தையும் சொல்கிறோம்.

போதாக்குறைக்கு அகழி வேறு வெட்டியிருந்தேன்.
செம்புத் தகட்டின் குறுக்கே ஒரு மில்லிமீட்டர் வெற்றிடம்:
இந்தப் பக்கம் மெல்லிய குரல்கள்,
அந்தப் பக்கம் டிஜிட்டல் கூச்சலும் பாட்டரியும்.
நடுவே ஒற்றைப் பாலம், மாற்றிச் சில்லின் காலடியில்.
படித்தது படித்தபடியே.

ராயேன் வந்தாள், ரப்பர் பூட்ஸில் சேறோடு.
அலைக்காட்டியைத் தொடவில்லை.
பலகையைத் திருப்பி, பென்சிலை என்னிடம் நீட்டினாள்.
"அந்தச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதே,
அதற்குப் பாட்டரியிலிருந்து எட்டு மில்லியாம்ப் புறப்படுகிறது. சரி.
வீடு திரும்பும் வழியைக் கோடு போட்டுக் காட்டு."

போகும் வழி எனக்கு மனப்பாடம்.
திரும்பும் வழியை நான் வரைந்ததே இல்லை.
தரை என்று செம்பை ஊற்றிவிட்டு மறந்துபோனேன்.
பென்சில் விளக்கிலிருந்து கிளம்பியது.
முன்விளிம்பில், அழகுக்காக,
பார்க்க வருகிறவர்களிடம் 'உயிரோடுதான் இருக்கிறது' என்று காட்ட,
அகழிக்கு இந்தப் பக்கம் நான் வைத்த விளக்கு.
கிளம்பி, உணரியின் கால்மாட்டில் நுழைந்து,
பெருக்கியின் முற்றத்தை மிதித்துக்கொண்டு
ஒற்றைப் பாலத்துக்கு வந்து
நின்றது.
வேறு வழி நான் விட்டிருக்கவில்லை.

செம்புக்கும் தடை உண்டு, ஒரு மில்லியோம்.
எட்டு மில்லியாம்ப் அதில் நடந்தால் எட்டு மைக்ரோவோல்ட்.
விறகுக்கடை ரசீதின் பின்புறம் ராயேன் வகுத்துப் பார்த்தாள்:
இருபத்தேழு, கிட்டத்தட்ட.
அவள் சிரிக்கவில்லை.
நான்தான் சிரித்தேன்,
மாட்டிக்கொண்டவன் சிரிக்கிற சிரிப்பு.

சூடு வைத்ததும் விளக்கு கழன்று வந்தது,
மிளகளவு.
திரையில் கோடு படுத்தது.
படுத்த கோட்டில், சற்றுப் பொறுத்து,
இதுவரை கண்ணில் படாத ஒன்று:
மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் முதுகு,
ஆறு நொடிக்கு ஒன்று.
அடுத்த குற்றவாளியைப் பிடிக்க நான் எழுந்தேன்.
"உட்கார். அது பசிபிக்," என்றாள்.
பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால்
நியேப்லா பாறைகளில் மோதும் கடல்,
மண்வழியே, எங்கள் மேசைக்கால் வழியே.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
விறகு மட்டும் வெடித்தது.

இனி ஒரு போன் பாக்கி.
இதே பலகை பதினொன்று
போன மாதமே எரிமலைச் சரிவில் ஏறிவிட்டன.
அங்கே காவல் குடிசையில் நோல்பெர்த்தோ,
ராத்திரியெல்லாம் திரையைப் பார்த்தபடி மாத்தே உறிஞ்சுகிறவன்,
சென்ற வாரம் சந்தோஷமாகச் சொன்னான்:
மலைக்கு நாடி இருக்கிறது,
நொடி பிசகுவதில்லை,
அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறேன் என்று.

எண்ணை அழுத்துகிறேன்.
மணி போகிறது.
என்ன சொல்லித் தொடங்குவது?
மேசையில் அந்த மிளகளவு விளக்கு
எந்தத் தரையும் இல்லாமல் கிடக்கிறது.